பாலத்துக்கு வதந்தி கேட்காது: வங்கிக்கும் கட்டடத்துக்கும் ஒரே மாதிரி விதி போட முடியுமா?

கம்பிவளை (இழையைத் தொடங்கியவர்) · சனி, இரவு 9:40

போன வாரம் ஒரு வளைகாப்பு வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது என் சகலையோடு ஆரம்பித்த சண்டை இது. அவர் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறார். நான் கட்டமைப்புப் பொறியாளர், 19 வருஷமாகக் கணக்குப் போடுவதும் சைட்டில் போய்க் கம்பி எண்ணுவதும்தான் பிழைப்பு. இலை போட்டும் தீரவில்லை, அதனால் இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

அவர் கட்சி: "உங்க துறைக்கு ஒழுங்குமுறையே கிடையாது. எங்களுக்கு ரிசர்வ் வங்கி இருக்கு, வந்து புத்தகத்தைப் புரட்டுறாங்க. கட்டி முடிச்ச வீட்டை எவன் திரும்ப வந்து பார்க்கிறான்?"

என் கட்சி: எங்கள் விதி ஆளை நம்பாமல் எழுதப்பட்டது. கான்கிரீட் வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டின் பலத்தை 1.5-ஆல் வகுக்கிறோம். கம்பியின் பலத்தை 1.15-ஆல் வகுக்கிறோம். வருகிற சுமையை 1.5-ஆல் பெருக்குகிறோம். அதாவது பொருள் மேலும் சந்தேகம், சுமை மேலும் சந்தேகம். எம் 25 ரகக் கான்கிரீட் என்றால், நூறு க்யூப் (அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டி) உடைத்தால் ஐந்துக்கு மேல் 25-க்குக் கீழே போகக் கூடாது என்று அர்த்தம்.

வங்கியில்? 100 ரூபாய்க் கடனுக்கு 9 ரூபாய் சொந்த மூலதனம், மேலே ஒரு பாதுகாப்பு அடுக்கு இரண்டரை ரூபாய், ஆக 11.50. அதுவும் கடனுக்கு அதன் ஆபத்தைப் பொறுத்து 'எடை' போட்ட பிறகு. 35 சதவீத எடை போடுகிற வீட்டுக் கடன் என்றால் நூறுக்கு நாலு ரூபாய் போதும். நாலு சதவீத ஓரத்தில் நான் ஒரு சன்ஷேடு போட்டால்கூட என்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள்.

கேள்வி இதுதான்: வங்கிக்கு விதி எழுதுகிறவர்கள் ஏன் எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை?

---

சென்ட்ரிங்_செல்வம் · சனி, இரவு 9:58

துண்டு போட்டு இடம் பிடிக்கிறேன். சகலை கணக்கு தொடங்கினால் சொல்லுங்கள்.

---

பழைய_லெட்ஜர் · சனி, இரவு 11:15

தம்பி, 34 ஆண்டுகள் வங்கியில், அதில் கடைசிப் பத்தாண்டு உள் ஆய்வில் இருந்தவன். உங்கள் சகலைக்காக வாதாட வரவில்லை. ஆனால் நீங்கள் எங்கள் துறையில் தேடுகிற 1.5, தேடினாலும் கிடைக்காது. காரணம் சொல்கிறேன்.

உங்கள் தூண் மீது வருகிற சுமை தூணைப் பற்றி ஒன்றும் நினைப்பதில்லை. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அம்மாள், "இந்தக் கட்டடம் விழப்போகிறதாமே" என்று பக்கத்து வீட்டில் சொன்னால், தூணின் பலம் ஒரு கிலோகூடக் குறையாது. வங்கியில் அந்தப் பேச்சே சுமை.

அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கியைப் பாருங்கள். 2022 முடிவில் அதன் சொத்து சுமார் 209 பில்லியன் டாலர். 2023 மார்ச் 8-ஆம் தேதி, கடன் பத்திரங்களை விற்றதில் 1.8 பில்லியன் நட்டம், புதிதாக மூலதனம் திரட்டப் போகிறோம் என்று அறிவித்தார்கள். மறுநாள் ஒரே நாளில் 42 பில்லியன் வெளியே போனது. அதற்கடுத்த நாளுக்கு இன்னும் 100 பில்லியன் கேட்டு வரிசை நின்றது. மார்ச் 10 காலை கதவைச் சாத்தினார்கள். உங்கள் ஊரில் எந்தக் கட்டடத்தின் சுமையாவது 36 மணி நேரத்தில் இப்படிப் பெருகுமா?

பிரிட்டனில் 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கிக்கு மத்திய வங்கி உதவப் போகிறது என்ற செய்தி ஓர் இரவில் தொலைக்காட்சியில் கசிந்தது. உதவி வருகிறது என்பது நல்ல செய்திதானே? மறுநாள் காலை கிளைகளின் வாசலில் வரிசை. முட்டுக்கொடுக்கக் கம்பு கொண்டுவருகிறார்கள் என்று கேட்டதுமே சுவர் சாய்ந்ததுபோல.

ஆகவேதான் எங்கள் ஆய்வு அறிக்கைகள் மூடிய உறையில் போகும். கெட்ட பழக்கம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் காரணம் உண்டு.

---

கம்பிவளை · ஞாயிறு, காலை 7:20

லெட்ஜர் சார், காபி ஆறும் வரை யோசித்தேன். வதந்தி பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மூடிய உறையை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எங்கள் துறை படித்ததெல்லாம் விழுந்ததைப் பிரித்துப் பார்த்துத்தான். 1907-இல் கனடாவில் கியூபெக் பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் விழுந்து 75 பேர் செத்தார்கள். நடு இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 ஆக நீட்டினார்கள். பாலத்தின் சொந்த எடையை மட்டும் புது நீளத்துக்குத் திரும்பப் போடவில்லை. தப்பு யாருடையது, எந்த உறுப்பு எப்போது வளைந்தது, எந்தத் தந்தி எப்போது வந்தது என்று எல்லாவற்றையும் விசாரணைக் குழு பெயர் போட்டு அச்சடித்தது. வெளியாள் ஒருவர் வரைபடத்தைச் சரிபார்க்கட்டும் என்று அரசு தரப்பில் கேட்டபோது, பாலத்தின் ஆலோசகராக இருந்த அவ்வளவு பெரிய பொறியாளர் அதைத் தன் மரியாதைக்குக் குறைவு என்று தடுத்துவிட்டார் என்பதும் அதில்தான் வெளிவந்தது.

யெஸ் வங்கியில் என்ன நடந்தது? 2015-16 கணக்கில் அவர்கள் காட்டிய மொத்த வாராக்கடன் சுமார் 749 கோடி. ரிசர்வ் வங்கி ஆய்வில் அதே ஆண்டுக்கு வந்தது சுமார் 4,926 கோடி. இந்த வித்தியாசமே பொதுமக்களுக்குத் தெரிந்தது 2017-இல். அதுவும் 'வித்தியாசம் பெரிதானால் வெளியிட வேண்டும்' என்று புதிதாக ஒரு விதி வந்ததால். நான் ஒரு பீமில் ஆறு கம்பி போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டுவிட்டு, இன்ஸ்பெக்டர் அதைக் கண்டுபிடித்து, அவரும் நானும் மட்டும் கமுக்கமாக வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் என்ன?

---

பழைய_லெட்ஜர் · ஞாயிறு, காலை 8:05

> அதற்குப் பெயர் என்ன?

பெயர் வைத்துவிட்டார்கள் தம்பி. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம். தகவல் உரிமைச் சட்டத்தில் ஆய்வு விவரம் கேட்டபோது, "வங்கிகள் எங்களை நம்பிக் கொடுத்த தகவல், வெளியே சொல்ல மாட்டோம்" என்றது ரிசர்வ் வங்கி. உன் கடமை வங்கிகளுக்கு அல்ல, மக்களுக்கு என்று நீதிமன்றம் சொன்னது. நான் அப்போது பணியில் இருந்தேன். அலுவலகத்தில் பாதிப் பேர் "இனி ஊரே ஓடும்" என்றார்கள். ஊர் ஓடவில்லை.

---

கிழக்கு_லண்டன்_யாழ் · ஞாயிறு, மாலை 4:30

வணக்கம். நான் கட்டடத் துறையில அளவையாளரா வேலை செய்யிறன். கம்பிவளை அண்ணை, உங்கட ஆக்கள் எல்லாத்தையும் திறந்து வைச்சுப் படிச்சவை எண்டு சொல்லுறியள். அரைவாசிதான் உண்மை.

எங்கட பக்கத்தில நடந்த ஒண்டு சொல்லுறன். 1968 மே 16, விடியக் காலமை. ரோனன் பாயிண்ட் எண்டு 22 மாடித் தொடர்மாடி, ஆக்கள் குடிவந்து இரண்டு மாசம்தான். 18-ஆம் மாடியில ஒரு மனுசி தேத்தண்ணி போட அடுப்பைப் பத்த வைச்சா. காஸ் கசிஞ்சிருந்தது. வெடிச்சு மூலைச் சுவர் வெளியால போட்டுது. அதுக்கு மேல இருந்த தளங்கள் தாங்க ஆளில்லாமல் கீழ வந்து, அந்த அடி கீழ உள்ள மாடிகளையும் இழுத்துக்கொண்டு, ஒரு மூலை முழுக்கச் சரிஞ்சுது. நாலு பேர் செத்தினம். அடுப்புப் பத்த வைச்ச மனுசி தப்பிட்டா!

வெடிச்சது சின்ன வெடி. முன்வார்ப்புச் சுவர்களை அட்டைப்பெட்டி மாதிரி ஒண்டுக்கு மேல ஒண்டா வைச்சுக் கட்டினது, ஒண்டு போனா மற்றது பிடிக்க ஒண்டுமில்லை. அதுக்குப் பிறகு 1970-இல விதி மாறிச்சுது: ஒரு சுவரோ தூணோ போனாலும் இழப்பு அந்த இடத்தோட நிக்க வேணும். ஒரு உறுப்பு விழவே கூடாது எண்டு சட்டம் கேக்கேல்லை. விழுந்தா எவ்வளவு தூரம் விழலாம் எண்டுதான் கேட்டுது.

லெட்ஜர் ஐயா, வங்கிக்குப் பொருந்துறது 1.5 இல்லை, இதுதான் எண்டு நான் நினைக்கிறன்.

---

பழைய_லெட்ஜர் · ஞாயிறு, இரவு 7:12

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்தேன். 1974 ஜூனில் ஜெர்மனியில் ஹெர்ஸ்டாட் என்று ஒரு நடுத்தர வங்கி மூடப்பட்டது. அங்கே மாலை, அமெரிக்காவில் காலை. அந்த வங்கிக்கு ஜெர்மன் மார்க் கொடுத்துவிட்டு நியூயார்க்கில் டாலருக்குக் காத்திருந்தவர்கள் கையில் ஒன்றும் இல்லை. அடுப்பு சின்னது, மூலை முழுக்கச் சரிந்தது. வங்கிகளுக்கு உலக அளவில் விதி எழுதும் பாசல் குழு பிறந்ததே அந்த ஆண்டு முடிவில்தான். ஆனால் அவர்கள் முதலில் எழுதிய பெரிய விதி (1988) என்ன? ஒவ்வொரு வங்கியும் 8 சதவீதம் வைத்திரு என்பது. அதாவது ஒவ்வொரு சுவரையும் தடிமனாக்கு. சுவருக்கும் சுவருக்கும் இருக்கும் இணைப்பைப் பற்றிப் பேச 2008 நெருக்கடி வரை காத்திருந்தோம்.

நம் ஊரில் அந்த 'மூலையோடு நிற்க வேண்டும்' வேலையைச் செய்வது வைப்புத்தொகைக் காப்பீடு. 1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்து, மற்ற வங்கிகளிலும் மக்கள் பணத்தை உருவியதால் வந்தது. 1962-இல் தொடங்கியபோது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான். 2020 பிப்ரவரியில்தான் ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சம் ஆனது.

---

கரூரான் · ஞாயிறு, இரவு 8:47

எங்க ஊர்ப் பேரு வராம இந்த இழை முடியுமாங்க?

லட்சுமி விலாஸ் வங்கி, 1926-இல கரூர்ல ஆரம்பிச்சது. 2019 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி கட்டுப்பாட்டுப் பட்டியல்ல போட்டாச்சு. 2020 நவம்பர் 17 சாயங்காலம் அறிவிப்பு: ஒரு ஆளுக்கு 25,000 ரூபாதான் எடுக்கலாம். பத்து நாள்தான், 27-ஆம் தேதி டிபிஎஸ் வங்கியோட சேர்த்துட்டாங்க. டெபாசிட் போட்டவங்களுக்கு ஒரு ரூபா போகலைங்க. ஆனா பங்கு வச்சிருந்தவங்க மொத்தமும் பூஜ்யம். 318 கோடி ரூபா கடன் பத்திரமும் பூஜ்யம்.

நான் கேக்கறது இதுதானுங்க. யாழ் அண்ணா சொன்ன கணக்குப்படி இது நல்ல இடிப்பா, கெட்ட இடிப்பா?

---

கம்பிவளை · ஞாயிறு, இரவு 9:30

கரூராரே, என் கண்ணுக்கு நல்ல இடிப்பு. குடியிருந்தவர்களை இறக்கிவிட்டு, கட்டடத்தை நின்ற இடத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள்.

இதை எழுதும்போதே மௌலிவாக்கம் ஞாபகம் வருகிறது. 2014 ஜூன் 28, மழை நாள், சென்னைப் புறநகரில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி இடிந்து விழுந்தது. செத்தது 61 பேர். எல்லாரும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் கீழே ஒதுங்கியிருந்தவர்களும். முதலில் இடி விழுந்ததாகச் சொன்னார்கள்! பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு 11 மாடி இரண்டு வருஷத்துக்கும் மேலாக நின்றது. 2016 நவம்பர் 2-ஆம் தேதி சாயங்காலம் வெடி வைத்து, சில நொடியில், பக்கத்து வீடுகளைத் தொடாமல் கீழே இறக்கினார்கள். ஒரே வரைபடம், ஒரே மண். ஒன்று தானாக விழுந்தது, இன்னொன்றை இறக்கினார்கள். வித்தியாசம் 61 உயிர்.

லெட்ஜர் சார் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மௌலிவாக்கத்துக்கு சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கொடுத்த திட்ட அனுமதி இருந்தது. ஆனால் திட்ட அனுமதி என்பது பக்கவாட்டில் எத்தனை மீட்டர் விட்டாய், முன்னால் ரோடு எவ்வளவு அகலம், எத்தனை மாடி என்பதற்கு. தூண் தாங்குமா என்பதற்கு யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். சகலை சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

---

சென்ட்ரிங்_செல்வம் · ஞாயிறு, இரவு 10:02

அந்தக் கையெழுத்தைப் பற்றி நான் பேசலாமா? இந்தியாவில் வக்கீலுக்குச் சட்டம் இருக்கிறது, டாக்டருக்கு இருக்கிறது, ஆர்க்கிடெக்டுக்கு 1972-லேயே வந்துவிட்டது. பொறியாளருக்கு நாடு முழுவதும் செல்லும் உரிமச் சட்டம் இன்றுவரை கிடையாது. அந்தந்த ஊரில் பதிவு செய்துகொள்வதோடு சரி. கையெழுத்தை விற்கிறவர்களை எனக்கே தெரியும். வரைபடத்தைப் பார்க்காமல் சீல் குத்துவார்கள்.

அப்புறம் க்யூப். இதைச் சொன்னால் என் தொழிலில் கோபப்படுவார்கள், பரவாயில்லை. ஸ்லாப் போடும் அன்றைக்கு மிக்ஸர் ஓடிக்கொண்டிருக்கும். ஓரமாக ஒருத்தர் ஒரு பாண்டில் தனியாகக் கலப்பார், கைப்பிடி சிமென்ட் கூடவே விழும், தண்ணீர் குறைவாக. ஆறு அச்சிலும் குத்திக் குத்தி நிரப்புவார். 28-ஆம் நாள் அந்தக் க்யூப் ராஜா மாதிரி பாஸாகும். மேலே போன கலவையை யார் உடைத்துப் பார்த்தார்கள்? லேபில் வருவது க்யூபின் பலம், ஸ்லாபின் பலம் இல்லை.

---

பழைய_லெட்ஜர் · ஞாயிறு, இரவு 10:40

செல்வம், கை கொடுங்கள். எங்கள் க்யூபுக்குப் பெயர் மார்ச் 31.

ஒரு கடனுக்கு 90 நாள் தவணை வராவிட்டால் வாராக்கடன். மார்ச் மூன்றாம் வாரம் கணக்கைப் பார்த்தால் 80-ஆவது நாளில் பத்துப் பெரிய கணக்குகள் நிற்கும். 28-ஆம் தேதி அதே ஆளின் இன்னொரு நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு கடன். 29-ஆம் தேதி அந்தப் பணம் இரண்டு கணக்கு தாண்டி வந்து பழைய தவணையைக் கட்டும். 31-ஆம் தேதி புத்தகம் பளபளக்கும். நான் ஆய்வுக்குப் போனால் முதலில் கேட்பது மார்ச் கணக்கை அல்ல, ஏப்ரல் முதல் பத்து நாள் பணப்போக்கை. போன வழியிலேயே திரும்பி வந்திருக்கும்.

---

கம்பிவளை · திங்கள், காலை 6:55

ராத்திரி தூக்கம் வரவில்லை. நேற்று வரை நான் நினைத்துக்கொண்டிருந்தது: காற்று விதிப் புத்தகத்தைப் படிப்பதில்லை, கடன் வாங்குகிறவன் படிக்கிறான், அதனால் எங்கள் விதி வேலை செய்கிறது, உங்களுடையது ஏமாற்றப்படுகிறது. இப்போது யோசித்தால் காற்றுதான் படிப்பதில்லை. பில்டர் படிக்கிறார்.

ஸ்டில்ட் பார்க்கிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்து விட்டால் அந்தப் பரப்பு தளப்பரப்புக் குறியீட்டில் (மனை அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற வரம்பு) சேராது. நல்ல எண்ணத்தில் கொடுத்த சலுகை, தெருவில் வண்டி நிற்க வேண்டாமே என்று. எல்லாரும் ஸ்டில்ட் போட்டார்கள். மேலே ஒவ்வொரு மாடியிலும் செங்கல் சுவர் அடைத்து விறைப்பாக இருக்கும், கீழே வெறும் தூண். நிலம் ஆடும்போது ஆட்டம் முழுவதும் அந்த ஒரு மாடியில் வந்து விழும். 2001 ஜனவரி 26, பூஜ் நிலநடுக்கம். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்த அகமதாபாத்தில் இந்த மாதிரி அடுக்குமாடிகள் கால் மடங்கியதுபோல உட்கார்ந்தன. 2002-இல் நிலநடுக்க விதியான ஐஎஸ் 1893-ஐத் திருத்தியபோது, இப்படித் திறந்த தளத்தின் தூண்களை இரண்டரை மடங்கு விசைக்குப் போடு என்று எழுதினார்கள். அதே திருத்தத்தில்தான் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு ஏறியது.

நகரமைப்பு விதி கொடுத்த சலுகை நிலநடுக்க விதிக்குக் குழி தோண்டியது. இரண்டும் வேற வேற மேஜை, ஒருவரை ஒருவர் பார்த்ததேயில்லை.

---

பழைய_லெட்ஜர் · திங்கள், காலை 9:10

எங்கள் ஸ்டில்ட் 364 நாள். 1988 பாசல் விதிப்படி, ஒரு வருடத்துக்குள் முடிகிற, இன்னும் எடுக்கப்படாத கடன் உறுதிக்கு (கேட்டால் கடன் தருகிறேன் என்ற வாக்கு) மூலதனம் வைக்க வேண்டியதில்லை. உடனே உலகம் முழுவதும் 364 நாள் உறுதிகள் முளைத்தன. வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். 2007-இல் அந்த உறுதிகளின் மேல்தான் வங்கிக் கணக்குக்கு வெளியே வைத்த எத்தனையோ நிழல் நிறுவனங்கள் நின்றுகொண்டிருந்தன. மேலே விறைப்பு, கீழே வெறும் தூண்.

உங்கள் சுமைச் சோதனை போல எங்களுக்கும் அழுத்தச் சோதனை (நெருக்கடி வந்தால் வங்கி தாங்குமா என்ற கணக்கு) இருக்கிறதே என்று உங்கள் சகலை சொல்வார். அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2018-இல் அமெரிக்கச் சட்டம் பெரிய வங்கி என்பதன் எல்லையை 50 பில்லியனிலிருந்து 250 பில்லியனுக்கு உயர்த்தியது. சிலிக்கான் வேலி விழும் வரை மத்திய வங்கியின் சோதனைக்குள் வரவேயில்லை. வந்திருந்தாலும் கதை மாறியிருக்காது. 2022-இன் மிகக் கடுமையான சோதனைக் காட்சியில் வட்டி குறைகிறது என்றுதான் எழுதியிருந்தார்கள். வங்கியைக் கொன்றது வட்டி ஏற்றம்.

---

கம்பிவளை · திங்கள், காலை 9:34

சிரிக்கவா அழவா சார். நாங்கள் சுமைச் சோதனை செய்யும்போது ஸ்லாப் மேல் மணல் மூட்டை அடுக்கி, சொந்த எடையோடு பயன்பாட்டுச் சுமையின் 1.25 மடங்கு வைத்து, 24 மணி நேரம் விடுவோம். எடுத்த பிறகு அடுத்த 24 மணி நேரத்தில் தொய்வில் முக்கால் பங்காவது திரும்ப வேண்டும். மூட்டையைக் கீழே தரையில் அடுக்கிவிட்டு ஸ்லாப் பாஸ் என்று எழுதியதுபோல இருக்கிறது நீங்கள் சொல்வது.

---

கிழக்கு_லண்டன்_யாழ் · திங்கள், மாலை 6:20

ஆர் வந்து பாக்கிறது, அவருக்கு ஆர் காசு குடுக்கிறது, அதிலதான் இரண்டு துறையும் ஒரே குழியில விழுகுது. கடனுக்கு மதிப்பெண் போடுற நிறுவனத்துக்குக் கடன் வாங்கிறவர் காசு குடுக்கிறார். இஞ்ச இங்கிலாந்தில 1980-களில இருந்து, கட்டிறவரே தனியார் பரிசோதகரைத் தெரிஞ்செடுக்கலாம் எண்டு விட்டவை.

2017 ஜூன் 14, லண்டன்ல கிரென்ஃபெல் எண்ட தொடர்மாடி எரிஞ்சுது. 72 பேர் செத்தினம். அங்க பரிசோதிச்சது தனியார் இல்லை, உள்ளூராட்சி மன்றம்தான், அதையும் சொல்ல வேணும். அவையும் வெளிச்சுவர்ல போட்ட எரியிற உறையைக் கவனிக்கேல்லை. ஆனா அதுக்குப் பிறகு வந்த 2022 சட்டத்தில, குறைஞ்சது 18 மீற்றர் அல்லது ஏழு மாடி உள்ள குடியிருப்பு எண்டா கட்டிறவர் தனக்குப் பரிசோதகரைத் தெரிய ஏலாது, புது ஒழுங்குமுறை அமைப்புத்தான் பாக்கும். ஜெர்மனியில சரிபாக்கிற பொறியாளரை வழமையாக் கட்டட அதிகாரசபைதான் நியமிக்கும், கட்டிறவர் இல்லை.

உங்கட பக்கம் என்ன மாதிரி?

---

சென்ட்ரிங்_செல்வம் · திங்கள், மாலை 6:51

எங்கள் பக்கம் எதிர்த் திசையில் ஓடுகிறோம். 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்றிதழ் முறை வந்தது. 2,500 சதுர அடி மனை, 3,500 சதுர அடி வரை வீடு என்றால் ஆன்லைனில் தானே சான்று கொடுத்து அனுமதி எடுக்கலாம். நான் ஆதரிக்கிறேன். அந்த மேஜையில் பழைய முறையில் எதையும் பரிசோதிக்கவில்லை, காத்திருக்க மட்டும்தான் வைத்தார்கள்.

---

பழைய_லெட்ஜர் · திங்கள், இரவு 8:15

2004-இல் பாசலும் பெரிய வங்கிகளைப் பார்த்து "உங்கள் கடனின் ஆபத்தை உங்கள் கணக்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள்" என்றது. நார்தர்ன் ராக் அந்த அனுமதியை வாங்கியது 2007 ஜூனில். வரிசை நின்றது செப்டம்பரில். சின்ன வீட்டுக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் செல்வம், ஒரு வீடு விழுந்தால் பக்கத்து வீடு விழாது. ஆனால் இந்தச் சலுகை வருடத்துக்கு ஒரு மாடி ஏறும். அதைப் பார்த்திருக்கிறேன்.

---

மாடிவீட்டு_மைனா · திங்கள், இரவு 9:05

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு கேள்வி, ஒரு கதை.

கதை முதலில். நியூயார்க்கில் சிட்டிகார்ப் வங்கியின் 59 மாடித் தலைமையகம், 1977. மூலையில் ஒரு தேவாலயம் இருந்ததால் தூண்களை மூலையில் வைக்காமல் பக்கங்களின் நடுவில் வைத்தார்கள். வெல்டிங் வேண்டிய மூட்டுகளை போல்ட் போட்டு மாற்றிவிட்டார்கள். மூலைவாட்டில் அடிக்கும் காற்றுக்கு அது போதாது என்று 1978-இல் வடிவமைத்தவரே கண்டுபிடித்தார். வங்கிக்குச் சொன்னார், நகர அதிகாரிகளுக்குச் சொன்னார். ராத்திரி ராத்திரி ஆள் இறங்கி இரண்டு அங்குலத் தகடு வைத்து வெல்டு செய்தார்கள். அந்த நேரத்தில் நியூயார்க் பத்திரிகைகள் வேலைநிறுத்தத்தில் இருந்தன. சுற்றி இருந்த மக்களுக்குத் தெரிந்தது 1995-இல்.

கட்டடத்துக்கு வதந்தி கேட்காதே, பின் ஏன் மறைத்தார்கள்? வங்கியாவது 'சொன்னால் விழும்' என்று சொல்லலாம். இவர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

கேள்வி: நான் புறநகரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் தளம் ஸ்லாப் போட்டுப் பதினேழு நாள். க்யூப் எடுத்தார்கள், நான் பார்த்தேன். தனியாகக் கலந்தார்களா என்று பார்க்கவில்லை. இப்போது என்ன கேட்பது?

---

கம்பிவளை · திங்கள், இரவு 9:48

மைனா, அந்தக் கதைக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் கல்லூரியில் அதை அந்தப் பொறியாளரின் நேர்மைக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த தெருவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

உங்கள் வீட்டுக்கு: க்யூப் எந்த லேபில் இருக்கிறது என்று கேளுங்கள். 28-ஆம் நாள் உடைக்கும்போது நேரில் நில்லுங்கள், தடுக்க மாட்டார்கள். மூன்று க்யூபின் எண்ணும் மூன்று மாதிரி இருக்கும், அது சகஜம். ரொம்ப அழகாக ஒரே எண் வந்தால் சந்தேகப்படுங்கள். அதோடு ஸ்லாபிலேயே சுத்தியல் சோதனை செய்யச் சொல்லுங்கள், ஸ்பிரிங் வைத்த கருவி, பத்துப் பன்னிரண்டு இடத்தில் தட்டுவார்கள். துல்லியம் கிடையாது, ஆனால் க்யூபுக்கும் ஸ்லாபுக்கும் எட்டாத தூரம் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் கட்டி வைப்பதை நிறுத்திவிட்டார்களா?

---

மாடிவீட்டு_மைனா · திங்கள், இரவு 9:55

ஏழு நாளோடு நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி போதும் என்றார்.

---

சென்ட்ரிங்_செல்வம் · திங்கள், இரவு 9:57

என்ன சிமென்ட்? மூட்டையில் பிபிசி (PPC, சாம்பல் கலந்த போசோலானா சிமென்ட்) என்று போட்டிருந்தால் பத்து நாளாவது கட்டியிருக்க வேண்டும், இந்த வெயிலில் பதினாலு. போனது போகட்டும், ஸ்லாபைத் தாங்கும் முட்டுகளை மட்டும் 28-ஆம் நாள் வரை பிரிக்க விடாதீர்கள். மேல் தளத்துக்குச் செங்கல் ஏற்றி ஒரே இடத்தில் அடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மாடிவீட்டு_மைனா · திங்கள், இரவு 10:03

பிபிசிதான். முட்டு இன்னும் இருக்கிறது. செங்கல் ஏற்கெனவே ஏற்றியாயிற்று, வடக்கு மூலையில். காலையில் போய் இறக்கச் சொல்கிறேன். லேபுக்கு வியாழன்தோறும் விடுமுறையாம், 28-ஆம் நாள் வெள்ளி. போய் நிற்கிறேன்.

---

கரூரான் · திங்கள், இரவு 10:10

எண்ணு வந்ததும் இங்கயே போடுங்க. லெட்ஜர் ஐயா மாதிரி உறையில போட்டு வச்சுக்காதீங்க.